கங்காணிசாமியைக் கும்பிடாதவள்

கங்காணி நல்லதம்பிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவனைத் தொட்டிலில் மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். மூணாற்றுக்குக் கிழக்கே ஒரு வெள்ளைக்காரத் தொரையின் தேயிலைத் தோட்டத்தை அவன்தான் ஆட்டிப் படைத்தான். காய்ச்சலில் படுத்திருந்த சின்னமுத்துவை, கூலிகள் குடியிருந்த லயத்து வீட்டிலிருந்து பிரம்பால் அடித்து வேலைக்கு இழுத்துப் போனான். சாயங்காலம் நாலு பேர் அவனைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். சின்னமுத்துவின் பெண்சாதிதான் குருவம்மாள்.

அடுத்த மழைக்காலத்தில், குடிவெறியில் ஓடையைத் தாண்டிய கங்காணியை வெள்ளம் அடித்துப் போனது. லயத்துச் சனம் மூச்சு விட்டது, கொஞ்ச நாளைக்குத்தான். அகாலத்தில் செத்தவன் சும்மா இருக்கமாட்டானே என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஊர்ப்பக்கத்து வழக்கப்படி ஓடைக்கரையில் கல் நட்டு, அவனுக்குப் பிடித்த சுருட்டும் சாராயமும் வைத்து, கங்காணிசாமி ஆக்கிவிட்டார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் காறித் துப்பியவர்களே, இப்போது கல்லைக் கடக்கையில் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். புதிதாக வந்த கங்காணி கையை ஓங்க வேண்டியதே இல்லை. "சாமி பாத்துக்கிட்டுத்தான் இருக்கு" என்பான், கூடைகள் நிறைந்துவிடும். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

குருவம்மாள் மட்டும் கும்பிடவில்லை. அவளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூடுபனி இறங்கினால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே செத்துப்போன நல்லதம்பி தொண்டையைச் செருமுவது அவளுக்கும் கேட்டது. ஆனாலும் நிமிர்ந்தே நடந்தாள்.

அப்புறம் அவள் மகள் வேலுத்தாய்க்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளை கண் செருகிக் கிடந்தாள். கூடக் கொழுந்து பறிக்கும் சந்தனம், ஒரு கோழியோடு வந்து நின்றாள்.

"ஏட்டி குருவு, ஒரு தடவை விழுந்து கும்பிட்டுட்டு வந்துரு. பிள்ளைய விட்டுருவாரு."

"உசுரோட இருந்தப்ப அவன் காலப் பிடிச்சுக் கெஞ்சினேன். எம்புருசன விட்டானா?"

"ஒன் வீம்புக்குப் பிள்ளையப் பலி குடுக்காதட்டி!"

அந்தச் சொல் குருவம்மாளை உலுக்கிவிட்டது. கோழியை வாங்கிக்கொண்டு போனாள். கல்லுக்கு முன்னால் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது.

"எம்பிள்ளைய எடுத்தாலும் எடுத்துக்கோ. ஒன்னயக் கும்பிட மாட்டேன்டா" என்றாள். கோழியைப் பறக்க விட்டாள். கல்லைப் பிடுங்கி ஓடையில் உருட்டினாள். வீட்டுக்கு வந்ததும், பிள்ளையைத் தானே கொன்றுவிட்டோமோ என்று அதன் மூக்கில் விரல் வைத்து மூச்சைப் பார்த்தாள்.

வேலுத்தாய் பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் வந்த மாதிரியே போய்விட்டது. இனி லயத்துச் சனம் யாருக்கும் பயப்படாது என்று குருவம்மாள் நம்பினாள், பாவம்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், வாசலில் வெற்றிலை, பழம், உடைத்த தேங்காய். லயமே தள்ளி நின்றது. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தனம் ஓடிவந்து மண்ணில் விழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் விழுந்தார்கள்.

"சாமியவே பிடுங்கி எறிஞ்ச ஆத்தா, தெரியாமப் பேசிட்டேன். எம்பிள்ளைகள ஒண்ணும் செஞ்சிராதீங்க தாயி!"

"எந்திரிட்டி சந்தனம்! நான் குருவுட்டி!"

சந்தனம் அவள் காலை விடவில்லை. அந்தக் கைகளின் நடுக்கம் குருவம்மாளுக்கு ஒரு நொடி இனித்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் இனித்தது. மறு நொடியே தன்னைக் கண்டு தனக்கே குலை நடுங்கியது.

"எந்திரிங்க எல்லாரும்!" என்று கத்தினாள்.

அத்தனை பேரும் சட்டென்று எழுந்து, கைகட்டி, அடுத்து என்ன சொல்வாளோ என்று நின்றார்கள்.