தசரதன் வண்டியை மேட்டில்தான் நிறுத்துவான்

வண்டியை நிறுத்த இடம் பார்க்கும்போது மற்றவர்கள் நிழல் தேடுவார்கள். தசரதன் சரிவு தேடுவான். பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டி அவன் வீடு. கரையிலிருந்து தெரு இறங்குகிற இடத்தில், வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருப்பான். காலையில் கல்லை எடுத்துத் தன் காலடியில் போட்டுக்கொள்வான். உட்கார்ந்து கதவைச் சாத்திக் கை பிரேக்கை விடுவான். வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்கும். மளிகைக் கடை தாண்டியதும் ஒரு குலுக்கல், ஒரு உறுமல், அவ்வளவுதான், போய்விடுவான். அவன் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பி அந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறான் என்று பேசிக்கொள்வார்கள்.

தசரதன் எனக்கு மகன் முறை. அவன் தாத்தாவும் என் அப்பாவும் கோவளத்துக்கு இந்தப் பக்கம் உள்ள குப்பத்தில் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்கள். அவன் அம்மா செல்வம்மாள் தலையில் கூடையை வைத்துக்கொண்டு தாம்பரம் வரைக்கும் வந்து மீன் விற்றவள். அந்தக் கூடைக்குப் பின்னால் நடந்து வந்து பழகியவன்தான் இன்றைக்குப் பெருங்களத்தூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கிறான். அவன் எடை போடுவான், பெண்டாட்டி கங்கையம்மாள் அரிவாள்மனையில் உட்கார்ந்து மீனை நறுக்கிக் கொடுப்பாள்.

வண்டியைச் சொல்ல வேண்டும். காரும் இல்லை, ஜீப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் பிறந்த ஒன்று. வெளிநாட்டுக் கம்பெனி. ஜீப் மாதிரி உயரம், உள்ளே கார் மாதிரி மெத்தை. பின்கதவில் ஒரு சக்கரம் தொங்கும். அந்தக் கதவு மேலே எழும்பாது, வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும். மாற்றலாகி வடக்கே போன ஓர் அதிகாரி விற்றுவிட்டுப் போனது. இவன் கைக்கு வரும்போது ஒரு கீறல் கிடையாது. சுனாமிக்கு அடுத்த வருஷம் வாங்கினான்.

கடைக்கு மீன் வருவது மூன்று சக்கர மீன்பாடி வண்டியில்தான். தன் வண்டியில் ஒரு கருவாட்டுத் துண்டைக்கூட ஏற்றமாட்டான். கடையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய், சோப்புப் போட்டுக் குளித்து, பவுடர் பூசி, சட்டை மாற்றிய பிறகுதான் கதவின் கைப்பிடியையே தொடுவான். பெண்டாட்டிக்கும் அதே சட்டம்.

“மீனு வித்து வாங்கின வண்டிக்கு மீனு நாத்தம் புடிக்கலயாம். நல்லா கீதுயா உன் நாயம்” என்பாள் கங்கையம்மாள். ஆனாலும் குளித்துவிட்டு வந்துதான் ஏறுவாள்.

பெருங்களத்தூரில் புதிது புதிதாக அடுக்குமாடிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. மீன் வாங்க வருகிற ஆட்களுக்கெல்லாம் வண்டி வாங்கும் ஆசை இருந்தது. வஞ்சிரம் துண்டாகும் நேரத்தில் பேச்சு எப்படியும் அங்கே வந்துவிடும்.

“தசரதன், உங்க வண்டி எப்படி இருக்கு? பெட்ரோல் நிறைய குடிக்குமாமே?”

“குடிக்கும் சார். யானைய கட்டிட்டு எலி மாரி துன்னுன்னா துன்னுமா?”

“ஏசி?”

“போட்டா ஐஸ் பொட்டிக்குள்ள குந்தின மாரி கீது. எம் பொஞ்சாதி போர்வ கேக்குறா.”

“பள்ளம் மேடெல்லாம்?”

“முடிச்சூர் ரோட்டுல ஓட்டுறேன் சார். மடில ஒரு சொம்பு தண்ணி வெச்சிகினு வாங்க, ஒரு சொட்டு சிந்தாது.”

“ரிப்பேர் ஏதாவது வருதா?”

இந்தக் கேள்வி வந்ததும் தராசில் இருக்கும் மீனைப் பார்த்துக்கொண்டே சொல்வான்: “ஒரு கம்ப்ளைன்ட் கெடையாது. ராஜா மாரி ஓடுது.”

முன்னால் சொன்னது எல்லாம் உண்மை. கடைசியாகச் சொன்னதும் பாதிக்கு மேல் உண்மைதான். ஓட ஆரம்பித்துவிட்டால் அது ராஜாதான். ஊரெல்லாம் தண்ணீர் நின்ற பெருமழையில் ஆட்டோக்காரர்கள் கையை விரித்துவிட்டபோது, பிரசவ வலியெடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணை இடுப்பளவுத் தண்ணீரில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வண்டிதான். பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு, குழந்தை அழும் சத்தம் கேட்கும் வரை அவன் வண்டியை அணைக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் பெண் வருவது அதில்தான். பூ கட்டி, ரிப்பன் கட்டி, மண்டபத்து வாசலில் நிற்கும். முகூர்த்தம் முடிகிறவரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். “பொண்ணு ஏசில ஏறணும்ல” என்பான். தசரதனுக்குப் பந்தா அதிகம் என்பார்கள் சம்பந்தி வீட்டார். அவனும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

அணைத்தால் சில நேரம் கிளம்பாது. அதுதான் விஷயம். சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அப்புறம் யாராவது தள்ள வேண்டும், இல்லை மேட்டிலிருந்து உருட்ட வேண்டும். இது தெரிந்தவர்கள் பல்லாவரத்து மெக்கானிக் அக்தரும் கங்கையம்மாளும்தான். ஏரிக்கரையில் விடியற்காலை நடக்கப் போகிற எனக்கும் தெரியும். சரிவு கிடைக்காத நாளில் கங்கையம்மாள் பின்னால் நின்று தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன்.

“என்னிய பக்கத்துல குந்த வெக்க வாங்கினியா, பின்னாடி நின்னு தள்ள வெக்க வாங்கினியா?” என்று மூச்சு வாங்கக் கேட்பாள்.

“மெதுவா பேசுடி. ஜன்னல்லாம் தொறந்து கீது.”

வண்டியின் மேல் குற்றமில்லை. அதைக் கெடுத்தது இவன்தான். எங்கள் குப்பத்தில் புதுப் படகு எதுவானாலும் முதலில் அலையில் தலையை நனைத்துவிட்டுத்தான் தொழிலுக்குப் போகும். மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, ஊரே தோள் கொடுத்துத் தள்ளி, முதல் அலை அதன் மூக்கில் அடித்தால்தான் கடல் அதை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. வண்டி வாங்கிய வாரம் அதைக் குப்பத்துக்கு ஓட்டிப்போன தசரதன், எலுமிச்சம்பழம் நசுக்கியதோடு நிற்கவில்லை. ஈர மணலில் நேராக இறக்கி, முன்சக்கரத்தை அலைக்குக் காட்டினான். பிள்ளைகள் கத்தினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். முதல் அலை சக்கரத்தை நனைத்தது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய அலை வந்து வண்டியின் வயிற்றுக்கு மேலே ஏறி, ஆற அமர இறங்கிப் போனது. ஊரே கைதட்டியது. தசரதன் கண்ணில் தண்ணீர்.

அக்தர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டானாம்: “இன்னாண்ணா, உள்ள உப்பு பூத்து கீது? ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு. எங்க வுட்ட இத்த?”

“அலைல ஒரு வாட்டி நனைச்சேன்.”

“இது போட் இல்லண்ணா.”

பிரித்துக் கழுவி மாட்டினான். கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும், மறுபடி ‘டக்’. புதிதாகவே மாற்ற வேண்டும், அது கப்பலில் வர வேண்டும், அதற்குக் கொடுக்கிற விலையில் ஒரு பழைய ஆட்டோவே வாங்கிவிடலாம் என்றான் அக்தர். கடல் ஏற்றுக்கொண்ட வண்டி என்று குப்பமே பெருமைப்படுகிறபோது, கடல்தான் இதைக் கெடுத்தது என்று தசரதன் எந்த வாயால் சொல்வான்? மேடு தேட ஆரம்பித்தான். குப்பத்துக்குப் போனால், பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவான். சக்கரத்தில் மணல் ஒட்டும் என்பான். அந்த இடத்துக்கே தசரதன் மேடு என்று பேர் வந்துவிட்டது. சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டான்.

இதில் மாட்டிக்கொண்டவன் அவன் தங்கை வெண்ணிலாவின் புருஷன் ஆனந்தன். செல்வம்மாளின் நாத்தனார் பிள்ளை, ஆக இவனுக்கு அத்தை மகன், சின்ன வயதிலிருந்தே மச்சான். சொந்தமாக ஒரு பைபர் படகு, எஞ்சின், வலை. அவன் பிடித்து வருவதைக் கரையில் ஏலம் விட்டுக் கணக்கு முடிப்பவள் வெண்ணிலா. அந்தப் படகுதான் அவர்கள் வீட்டு அடுப்பு. போன வருஷம் மாசி மாதம் ஆனந்தன் பெருங்களத்தூர் கடைக்கு வந்து, வாடிக்கைக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போதே சொன்னான்:

“மச்சான், போட்ட குட்த்துடலாம்னு கீறேன். உன் வண்டி மாரியே ஒண்ணு பார்த்து வெச்சிகிறேன். பழசுதான். சோழிங்கநல்லூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி ஆளுங்கள ஏத்தி எறக்கலாம். இன்னா சொல்ற? உன்து எப்டி கீது? நெஜத்த சொல்லு.”

நாலு பேரும் தசரதனைப் பார்த்தார்கள். அவன் தராசைப் பார்த்தான்.

“ஒரு கம்ப்ளைன்ட் கெடையாது மச்சான். ராஜா மாரி ஓடுது.”

ஆனந்தன் போன பிறகு கங்கையம்மாள் நறுக்குவதை நிறுத்தவில்லை. தலையையும் தூக்கவில்லை. “அவன் போட்ட அவன் விக்கல. உன் வாய் விக்குது” என்றாள்.

“அவன் வாங்கறது வேற வண்டிடி. அது கடல்ல நனையல.”

“அது எங்க நனைஞ்சிதுன்னு உனக்குத் தெரியுமா? உன்து நனைஞ்சது அவனுக்குத் தெரியுமா?”

கப்பலில் வர வேண்டிய சாமானும், யானைப் பசியும் அந்த வண்டிக்கும் உண்டு. மீன் வியாபாரி கல்யாணத்துக்கு ஓட்டுவது வேறு, அதை ஓட்டித்தான் அன்றாடம் உலை வைக்க வேண்டும் என்பது வேறு. அவனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மேடு, கல், மண்டபத்து வாசலில் ஓடிய எஞ்சின், எல்லாம். அதற்குள் வெண்ணிலாவே போன் செய்தாள். “எனக்கு இஷ்டமே இல்லண்ணா. நீ நல்லா கீதுன்னு சொன்னியாம். நீ சொன்னியேன்னுதான் நானும் சரின்னுட்டேன்.” போனை வைத்துவிட்டு அன்று முழுக்க எடையில் தப்பு செய்துகொண்டிருந்தான்.

அமாவாசையன்று வழக்கம்போலக் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவர் படகுக்கு முன்பணம் கொடுக்கத் தாம்பூலத் தட்டோடு வருவதாகப் பேச்சு. சொந்தக்காரர்கள் வேண்டும் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகத் தசரதன் வண்டியில்தான் போனேன். முன்னால் அவன் பக்கத்தில் கங்கையம்மாள். உப்பளம் தாண்டியது, பெரிய ரோடு வந்தது, குப்பத்துச் சரிவும் வந்தது. வண்டி நிற்கவில்லை.

கங்கையம்மாள் திரும்பிப் பார்த்தாள். “யோவ், மேடு போயிட்ச்சி.”

“தெரியும்.”

எல்லையம்மன் கோயிலுக்கு முன்னால் மீன் காயவைக்கிற சிமெண்ட் களம் இருக்கிறது. தட்டு மாதிரி சமமான தரை. அமாவாசை என்பதால் குப்பமே அங்கேதான் உட்கார்ந்திருந்தது. கோயில் நிழலில் பாய் விரித்து, படகு வாங்க வந்தவர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆனந்தன். வெண்ணிலா தூணில் சாய்ந்து நின்றாள். தசரதன் களத்தின் நட்டநடுவில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

“அட, இன்னிக்கு மணலு ஒட்டாதா நைனா?” என்று யாரோ ஒரு கிழவர் சீண்டினார். சிரிப்பு எழுந்தது. தசரதன் சிரிக்கவில்லை. இறங்கி நேராகப் பாய்க்குப் போனான்.

“மச்சான், தட்ட அப்பறம் மாத்திக்கலாம். வா, நீயே ஓட்டிப் பாரு” என்று சாவியை நீட்டினான்.

ஆனந்தனுக்கு நம்ப முடியவில்லை. சாவியை வாங்கி, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு உட்கார்ந்தான். பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். சாவியைத் திருகினான்.

டக்.

இன்னொரு தரம் திருகினான். அதே டக்.

“இன்னா மச்சான், சத்தம் மட்டும் வருது? நான் எதனா தப்பா பண்ணிட்டனா?”

“நீ ஒரு தப்பும் பண்ணல. வாங்கின வாரத்துல அலைல நனைச்சேனே, அன்னிலேர்ந்து இப்டிதான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. வெண்ணிலா தூணை விட்டு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

“கிளச்ச புடி மச்சான். ரெண்டாவது கியர்ல போடு. நான் சொல்லும்போது வுடு.”

செருப்பைக் கழற்றிவிட்டான். இஸ்திரி போட்ட வேட்டியைத் தூக்கி இறுக்கி மடித்துக் கட்டினான். பின்கதவில் தொங்கிய சக்கரத்தில், படகைக் கடலுக்குத் தள்ளும்போது கொடுப்பது மாதிரி, தோளைக் கொடுத்துக் குனிந்தான். மறுபக்க மூலையில், புடவையைச் செருகிக்கொண்டு, கங்கையம்மாள் ஏற்கெனவே கை வைத்து நின்றிருந்தாள்.