சரஸ்வதி பூஜையில் ஒரு பிளாப்பி

காலை மணி ஏழு இருபது. கொலுப்படிக்குப் பக்கத்தில், மனைப்பலகையில் அடுக்கியிருந்த புத்தகங்களின் உச்சியில் ஒரு பிளாப்பி இருந்தது. கறுப்புச் சதுரத்தின் மூலையில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அன்று ஞாயிற்றுக்கிழமை, சரஸ்வதி பூஜை. அம்மா விடியற்காலையிலேயே எழுந்து பூஜையை முடித்திருந்தாள். ஈரத்தலையில் சுற்றிய துண்டோடு கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த என் மன்னி, எனக்குப் பிறகுதான் அதைப் பார்த்தாள்.

அதில் இருந்தது ஒரு விளையாட்டு. தி. நகரில் நாங்கள் படித்துவந்த கணினிப் பயிற்சி மையம் ஒரு போட்டி வைத்திருந்தது. மூன்று பேர் கொண்ட குழு, சனி காலை பத்து மணி முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் ஒரு கணினி விளையாட்டைப் புதிதாக எழுதி முடிக்க வேண்டும். வெற்றிபெறும் குழுவில் ஒருவருக்கு ஆசிரியர் வேலை. அந்த வேலைக்கு மன்னி முன்பே இரண்டு தடவை விண்ணப்பித்திருந்தாள். கல்யாணமானவர்கள் நிலைத்து இருப்பதில்லை என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போட்டி விதியில் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

இப்போது இதற்கு கேம் ஜாம் என்று பெயர். மன்னியின் மகள் மடிக்கணினியோடு போய்வருகிறாள். அவள் எழுதுவது எழுத எழுத எங்கெங்கோ தானாகச் சேமிக்கப்பட்டுவிடுகிறது. அப்போதெல்லாம் மையத்தில் மாலை வகுப்புக்கு முன் எல்லாக் கணினிகளிலும் இருப்பதை அழித்துவிடுவார்கள். அவரவர் வேலையை அவரவர் பிளாப்பியில் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.

“அம்மா, அது இன்னிக்கு வேணுமே” என்றேன்.

“வச்சதை எடுக்கப்படாதுடா. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்பறம்தான். நேத்திக்குப் பூரா இவ எழுதினது அதுக்குள்ள இருக்குன்னு நீதானே சொன்னே? அதான் எல்லாத்துக்கும் மேல வச்சேன்.”

பிரியமாக வைத்ததுதான். பூஜையன்று படிக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தவள், எங்களைப் போட்டிக்குப் போக விட்டதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள்: “படிப்பா பண்றேள்? விளையாட்டுதானே.” மன்னி வேலைக்குப் போக அம்மா சம்மதித்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதைக் கலைக்க மன்னிக்கு மனமில்லை. துண்டை அவிழ்த்து, தலையை முடிந்துகொண்டு, “கிளம்பு, நாழியாறது” என்றாள். பேருந்தில் தேனாம்பேட்டை தாண்டும்வரை விரலால் முழங்காலில் ஏதோ எழுதியபடி வந்தாள்.

எங்கள் குழுவின் மூன்றாவது ஆள், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்த சைதாப்பேட்டைக்காரர். விளையாட்டின் படங்களையெல்லாம் வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தவர் அவர். தண்ணீர் லாரியின் குழாயிலிருந்து சிந்தும் நீரைக் குடத்தில் பிடிக்க வேண்டும்; அம்புக்குறி விசைகளால் குடத்தை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. யோசனையும் நிரலும் மன்னியுடையவை. நான் தட்டச்சு செய்தேன், சத்தங்கள் சேர்த்தேன்.

மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் மன்னியின் முகத்தைக் கவனித்துவிட்டார்.

“இன்னா மேடம், மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்றீங்க?”

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

“இரு நைனா. எங்க பட்டறைலயும்தான் இன்னிக்குப் பூஜை. அல்லாத்துக்கும் பொட்டு வச்சுடுவோம். ஒரே ஒரு ஸ்பானர் செட்ட மட்டும் மொதலாளி வெளிய எடுத்து வச்சுக்குவாரு. மோட்டார் புட்டுக்கிச்சுன்னா சாமியாண்ட போயி ஸ்பானர் குடுன்னு கேக்க முடியுமா?” சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்தார். “நேத்து மத்தியானம் நீங்க சாப்டப் போனீங்களே, அப்ப ஒரு காப்பி எடுத்தேன்.”

மன்னி சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு, “மத்தியானம்வரைக்கும்தான் இருக்கும்” என்றாள்.

“அதுக்கப்புறம் போட்டத நீங்கதான மேடம் போட்டீங்க? மறுபடி போடுங்க.”

குடம் நிரம்பியதும் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த குடத்தை வரவைக்கும் பகுதிதான் விடுபட்டிருந்தது. முந்தைய நாள் அதற்கு மூன்று மணி நேரம் பிடித்தது. மன்னி கண்ணை மூடிக்கொண்டு வரிவரியாகச் சொன்னாள். நான் அடித்தேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, “இது நேத்திக்கே சுத்தி வளைச்சுதான் எழுதினேன். வேண்டாம், அழி” என்று வேறு விதமாகச் சொன்னாள். நூற்றுப்பத்து வரியில் இருந்தது எழுபதுக்குள் அடங்கியது. பேருந்தில் முழங்காலில் எழுதிக்கொண்டு வந்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. மூன்றே முக்காலுக்குக் குடம் நிரம்பி நகர்ந்தது. காலிக் குடம் வந்து நின்றது. லேத் பட்டறைக்காரர் மேசையைத் தட்டி, “புட்ச்சுட்டாங்கப்பா தண்ணி!” என்று கத்தினார். பக்கத்துக் குழு திரும்பிப் பார்த்தது.

மையத்தின் தலைவர் மற்ற மூன்று குழுக்களின் விளையாட்டையும் ஒவ்வொரு தடவை ஆடிப் பார்த்தார். எங்களுடையதை நான்கு தடவை ஆடினார். நான்காவது தடவை ஒன்பதாம் குடத்தில் தோற்று, நாற்காலியைத் திருப்பி, “இதை எழுதினது யார்?” என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மன்னியைக் காட்டினோம்.

“எப்போ சேர முடியும்?”

“நாளைக்கு விஜயதசமி சார். நாளைக்கே.”

வீட்டில் அம்மா சுண்டல் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, “ஜெயிச்சேளா? எனக்குத் தெரியும், சரஸ்வதி காலடியில வச்சது வீணாப் போகுமா?” என்றாள். “ஆமாம்மா” என்றாள் மன்னி. அந்த இன்னொரு பிளாப்பியைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, பின்பும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மன்னியின் முதல் வகுப்பு. பதினான்கு பேர் வந்திருந்தார்கள்.