தூளி தொங்கிய கொக்கி

கீரனூரில் எங்கள் வீட்டு முன்னறைக் கூரையில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அதில்தான் தூளி கட்டினேன். வீட்டிலேயே நல்ல காற்று வருகிற அறை அது ஒன்றுதான். தூளிக் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி, ஆட்டியபடியே பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்தக் கொக்கியில் என் ஓரகத்தியின் ஊஞ்சல் தொங்குகிறது.

அவள் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். நான் பத்தாவதோடு நின்றவள். அவள் ஆக்குபேஷனல் தெரபி படித்தவள். பட்டன் போட வராத பிள்ளை, பென்சில் பிடிக்க முடியாத பிள்ளை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற பிள்ளை என்று இப்படிப்பட்டவர்களை விளையாட்டு வழியாகவே பழக்கி எடுக்கிற படிப்பு அது. வந்த புதிதில் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

"ஊஞ்ச ஆட்டிவிடவா சின்னவளே அம்புட்டு வருசம் படிச்சே?" என்று கேட்டார் மாமியார். "எங்கிட்ட வந்திருந்தா சும்மாவே சொல்லிக் குடுத்திருப்பேனே!"

"ஆமா அத்தை, முன்னாடியே தெரியாமப் போச்சு. இப்பயும் ஒண்ணும் கெட்டுப் போகல. நாளைக்கு ரெண்டு பிள்ளைய அனுப்புறேன், ஆட்டிவிடுங்க" என்றாள் அவள்.

மாமியார் சிரித்துவிட்டார். எனக்கு அங்கேயே வயிறு எரிந்தது. அதே பதிலை நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். எனக்குப் பேச்சும் வராது. நாலு பேர் இருந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிற ஆள் நான்.

முன்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். தரையில் மெத்தை விரித்தாள், சுவரில் கயிற்று ஏணி மாட்டினாள், வாசலில் போர்டு வைத்தாள். ஒருவரும் வரவில்லை. அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குளத்தூர்ப் பக்கம் அங்கன்வாடி அங்கன்வாடியாகப் போய்த் தாய்மார்களிடம் பேசிவிட்டு, வெயிலில் கறுத்து வந்து சேர்வாள். அந்த மாதங்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

அவளுக்கு முதலில் கூட்டம் சேர்த்தவர் ஒரு சலூன் கடைக்காரர். கத்தரிக்கோலைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற ஒரு பிள்ளையைக் குளத்தூரிலிருந்து அவளிடம் கூட்டி வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை ஒருநாள் சலூன் நாற்காலியில் அழாமல் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டது. அவ்வளவுதான். சவரத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் அந்தக் கதையைச் சொன்னார். பிறகு அன்னவாசலிலிருந்தும் விராலிமலையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசல்படி முழுக்கச் சின்னச் சின்னச் செருப்புகள்.

ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு பொறாமைப்படவில்லை. சாயந்தரம் வேலை முடித்துவிட்டு அவள் வருகிற முகம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. தலை கலைந்து, துப்பட்டாவில் கலர் ஒட்டி, ஒரு பிள்ளை கடித்த தடம் கையில் இருக்கும். முகம் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். "அக்கா, அந்தக் குட்டி இன்னிக்கு ஷூவைத் தானே மாட்டிருச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டே டீயை எடுப்பாள். அந்த டீயைப் போட்டு வைத்தவள் நான். நானும் காலையிலிருந்து வேலைதான் செய்திருப்பேன். எந்த வேலை முடிந்தும் என் முகம் அப்படி ஆனதில்லை.

ஒருநாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையோடு வந்த ஓர் அம்மா, "டாக்டரம்மா இருக்காங்களா? நீங்க இங்க வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த அம்மா போகும்போது என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, "பாத்துக்கங்க" என்றார். அதை நான் சாப்பிடவில்லை.

இத்தனைக்கும் நடுவில் என் மகள் இருந்தாள். இரண்டாம் வகுப்பு. சோறு விரலில் ஒட்டினால் கையை உதறிக்கொண்டு அழுவாள். ஈரமாக, பிசுபிசுவென்று எதையும் தொடமாட்டாள். அதனால் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போய் நானே ஊட்டிவிட்டு வருவேன். அங்கே புங்க மரத்தடியில் என்னைப்போல் இன்னும் சில அம்மாக்கள் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். உலகத்தில் நான் வாய் திறந்து பேசிய இடம் அந்த மரத்தடி ஒன்றுதான். ரசத்தில் நெய் விட்டுக் குழைத்து, நுனிவிரலால் உருட்டி நான் ஊட்டினால் என் மகள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டாள்.

பொங்கல் லீவு முடிந்ததும் டீச்சர் கூப்பிட்டார். "அடுத்த வருசத்துலேருந்து அம்மாக்கள கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. பாப்பா தானா சாப்பிடணும். இல்லேன்னா சாயந்தரம் வரைக்கும் பட்டினிதான் கெடக்கும். பழக்கிருங்க" என்றார்.

பழக்கிப் பார்த்தேன். தட்டை முன்னால் வைத்தால் பசியோடு உட்கார்ந்திருந்தாள், தொடவில்லை. கடைசியில் நானே ஊட்டினேன். ஓரகத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாப்பாவ ஒருநாளு எங்கிட்ட விடுங்களேன்" என்றாள், மெதுவாக.

"எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, மகளோடு திருச்சி பஸ் ஏறினேன். வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் இருக்க, பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அங்கே வயதான ஒரு தெரபி அம்மா என் மகளை ஊஞ்சலில் உட்கார வைத்துப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார், என்னிடம் விவரமெல்லாம் கேட்டார். "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன்.

"கீரனூரா? அங்கயே ஒரு பொண்ணு இருக்கே. எங்ககிட்ட டிரெய்னிங் எடுத்த பொண்ணுதான். அருமையாப் பண்ணுதாமே? பிள்ளைய ஏன் இம்புட்டுத் தூரம் அலைய வைக்கிறீங்க? அங்கயே காட்டுங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கெட் துணி எடுக்கவும் மறந்துபோனது.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் ஓடிப் போய், "சித்தி, திருச்சியிலயும் ஒன்னுது மாதிரியே ஊஞ்சல் இருக்கு! ஆனா அது பச்சை" என்றாள்.

மாமியார் என்னைப் பார்த்தார். "ஜாக்கெட் துணி எங்க பெரியவளே? ஊஞ்சக் கடையிலதான் விக்கிறாய்ங்களா?"

ஓரகத்தி என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து என் மகளிடம், "பச்சை நல்லாருந்துச்சா, நம்ம சிவப்பு நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்திருந்தது.

திங்கட்கிழமை நானே மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்னறையில் விட்டேன்.

முதலில் சோற்றுப் பேச்சே இல்லை. என் மகளை ஊஞ்சலில் குப்புறப் படுக்க வைத்து, தரையில் கிடக்கிற புளியங்கொட்டைகளைப் பொறுக்கச் சொன்னாள். பிறகு கம்புத் தானியம் நிறைந்த வாளிக்குள் கையை விட்டுப் பொம்மை தேடுவது. பிறகு காய்ந்த மணல், கொஞ்சம் ஈரமான மணல், கோலமாவு. ஒவ்வொன்றிலும் என் மகள் முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடுவாள். மறுநாள் மறுபடியும் முந்தின படியிலிருந்து ஆரம்பிப்பாள். நான் கதவோரம் நின்று பார்ப்பேன். என் மகள் அங்கே சிரிக்கிற சிரிப்பு எனக்குப் புதிதாக இருந்தது. தூளி ஆடிய அதே இடத்தில், வேறொருத்தி ஆட்டிவிட, கையை விரித்துக்கொண்டு சிரித்தாள்.

பங்குனி பிறந்தபோது ஓரகத்தி என்னிடம் சொன்னாள்: "அக்கா, இனிமே மத்தியானம் ஊட்டாதீங்க. எலுமிச்சை சாதம் உதிரி உதிரியாக் கட்டுங்க. பக்கத்துல உக்காருங்க. ஆனா ஒங்க கை ஒங்க மடியிலயே இருக்கணும்."

"சாப்பிடலைன்னா?"

"ஒருநாளு ரெண்டுநாளு பசியோட இருக்கும். நீங்கதான் தாங்கணும்."

நான் தாங்கினேன் என்று சொல்ல முடியாது. முதல் நாள் மரத்தடியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, "என்னக்கா, பிள்ளை ஏக்கமாப் பாக்குது, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார். மணி அடித்தது. சாப்பிடாமலே வகுப்புக்குப் போனாள். அன்றைக்கு ஓரகத்தியை மனதுக்குள் நான் திட்டியதை எழுத முடியாது.

மறுநாள் என் மகள் ஒரு நிலக்கடலையை எடுத்தாள். பிறகு இன்னொன்று. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த நாலைந்து பருக்கைகளையும் வாயில் போட்டாள். விரலைப் பாவாடையில் துடைத்தாள். அழவில்லை. அடுத்த வாரம் பாதி டப்பா காலியானது. அதற்கடுத்து ஒருநாள், கீழே மேலே சிந்தி, முகமெல்லாம் மஞ்சளாக, முழு டப்பாவையும் முடித்தாள்.

"யாருக்கா பழக்கினது?" என்று மரத்தடியில் கேட்டார்கள். வாய் வரைக்கும் "நான்தான்" என்று வந்தது. "அவ சித்தி" என்றேன்.

அன்றைக்குச் சாயந்தரம் வாசலில் நின்ற என்னைத் தாண்டி என் மகள் முன்னறைக்குத்தான் ஓடினாள். "சித்தி, காலி டப்பா!" என்ற சத்தம் தெருவுக்கே கேட்டது. பிறகுதான் என்னிடம் வந்தாள். "அம்மா, நாளைக்கு நீ வராத. நானே தின்னுக்குவேன்."

அதற்காகத்தான் அத்தனை பாடும். தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் அந்த நேரத்துக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடியது. போக இடமில்லை. முன்னறை வாசலில் வந்து உட்கார்ந்தேன். விராலிமலை பஸ்ஸில் வந்த ஒரு பெண் அங்கே சாப்பாட்டுக் கூடையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி சாத்தியிருந்த கதவுக்கு உள்ளே அவளுடைய பிள்ளை கலகலவென்று சிரித்தது. அவள் முகம் சுருங்கியது. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்.

"நீங்க இங்க வேலை பாக்குறீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. எம் பிள்ளையும் இங்கதான் வருது."

வெளியாளிடம் இதை நானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"எங்கிட்ட ஒருநாளும் இப்படிச் சிரிச்சதில்லக்கா" என்றாள், கதவையே பார்த்துக்கொண்டு. "நல்லது நடக்குதுன்னு தெரியுது. ஆனாலும் ஒரு மாதிரியா இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் எரிஞ்சுச்சு."

"இப்ப சரியாப் போச்சாக்கா?"

உள்ளே ஊஞ்சல் கொக்கியில் உரசுகிற சத்தம் கேட்டது.

"எங்க போகுது? இப்பயுந்தான் எரியுது" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கூடையைத் திறந்து, பிள்ளைக்கு என்ன கட்டி வந்திருக்கிறாள் என்று பார்த்தேன். குழைந்த தயிர் சாதம்.

"நாளைக்கு உதிரியாக் கட்டு" என்றேன்.