நான் துரத்திய வெட்டுக்கிளி

மாரிகுப்பத்துக்கு வெட்டுக்கிளி வந்தபோது எனக்கு ஏழு வயது இருக்கும். மேற்கே வானம் பழுப்பேறியதும் மழை என்று நினைத்துக் கொடியிலிருந்த துணிகளை எடுக்க ஓடினோம். பொத்துப் பொத்தென்று வெட்டுக்கிளிகள் விழுந்தன.

எங்கள் தங்கச் சுரங்க லைன் வீடுகளில் தின்ன என்ன இருந்தது? அம்மாவின் அவரைப் பந்தல் ஒன்றுதான். ஆனாலும் ஆளுக்கொரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டோம். நான் தட்டிய தட்டில் மண்ணெண்ணெய்த் தகரம் நசுங்கியே போயிற்று. கூட்டம் கிளம்பியது.

அது போகும் திக்கை ஸ்டேஷனிலிருந்து மற்ற ஊர்களுக்குத் தந்தியில் தெரிவிக்க வேண்டுமாம். மேட்டில் ஏறிப் பார்த்துச் சொல்லும்படி தந்தி அடிப்பவர் பிள்ளைகளிடம் கேட்டார். எல்லோருக்கும் முன்னால் தங்கம் எடுத்த கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டில் ஏறிப் பார்த்து, ஓடிவந்து சொன்னவள் நான்தான். அந்தப் பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

"எந்தப் பக்கம் போச்சுடி?" என்றார் அம்மா.

"கெழக்காலமா! நேரா நம்ம மாமா ஊருக்கு!"

மாமா, அம்மாவின் தம்பி. குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் கேழ்வரகு போட்டிருந்தார். அந்த ஊருக்குத் தந்திக் கம்பி கிடையாது. இவ்வளவு வேடிக்கையை மாமாவும் பார்க்கப்போகிறாரே என்று நான் குதித்தேன். அம்மாவோ, கொடியில் புடவை எந்தப் பக்கம் பறக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து திரும்பிடும், போ" என்றார் அப்பா. காற்று திரும்பவில்லை.

அறுப்பு முடிந்தால் மாமா கேழ்வரகு மூட்டையோடு ரயிலில் வருவார். அந்த வருஷம் அறுப்புக்கு முன்பே வந்தார். மூட்டை இல்லை, அத்தையும் கூட வந்திருந்தார். நான் ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, வெட்டுக்கிளி வந்துச்சா? நாங்கதான் தொரத்தி வுட்டோம்!"

"வந்துச்சு கண்ணு. நீ அனுப்புனதெல்லாம் வந்து சேந்துச்சு" என்று மாமா சிரித்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை; நானும் சிரித்தேன்.

அடுத்த வாரமே மாமா அப்பாவோடு சுரங்கத்தில் இறங்கினார். வெயிலில் வேலை செய்தே பழகியவர், ஆட்களை இறக்கும் கேஜ் ஆடியதும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவளும் நான்தான்.

தண்ணீர்த் தொட்டியடியில் நின்றவர்களிடமெல்லாம், "எங்க மாமா இனிமே இங்கதான் இருப்பாரு. வெட்டுக்கிளிதான் இட்டாந்துச்சு" என்று பீற்றிக்கொண்டேன். அங்கே அத்தையும் நின்றிருந்தார். குடம் நிரம்பி வழிந்தும் நகரவில்லை. என்னைப்போலவே சந்தோஷத்தில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.