நடன இயந்திரத்தின் வகைப்பாடு குறித்து

சுங்க வரிப் பட்டியலில் தொண்ணூற்றைந்தாம் அத்தியாயம் பொம்மைகளுக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் உரியது. அதன் நான்காம் தலைப்பில் கேளிக்கை இயந்திரங்கள் வரும். காசு போட்டால் ஓடுபவை அதில் சேர்த்தி. ஆறாம் தலைப்பில் உடற்பயிற்சிக் கருவிகள் வரும். எந்தத் தலைப்போ அதற்கேற்ற வரி. கொண்டுவந்தவர் வைத்த பெயரைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தே தலைப்பை முடிவு செய்ய வேண்டும் என்பது நெறி. இந்த நெறி முதலிலேயே ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், என் அக்கா தன் பதினாறாம் வயதில் ஆடியிருக்கவே மாட்டாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கடற்படையின் தளவாடப் பிரிவில் 'குறுகிய காலப் பணி' என்ற திட்டத்தில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்து, முப்பத்தாறு வயதிலேயே ஓய்வு பெற்றவள் நான். மற்றவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகு தெரிந்துகொள்ளும் பொழுதுபோக்கை, அதாவது பிறருடைய நடைமுறைப் பிழைகளைக் கண்டுபிடிப்பதை, நான் முன்கூட்டியே தொடங்கிவிட்டேன். ஆனால் இது நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. தெரிந்த ஒரே நடைமுறை, வகுப்பில் கையை உயர்த்திவிட்டு வெளியே போவது.

சித்தப்பா துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் தரகர். யாரோ ஒரு வெளியூர் வியாபாரி, ஒரு சரக்குப் பெட்டகம் நிறையப் பழைய உடற்பயிற்சிக் கருவிகள் என்று பட்டியல் கொடுத்து வரவழைத்துவிட்டு, எடுக்க வராமலே போய்விட்டார். அது ஏலத்துக்கு வந்தது. சித்தப்பா எடுத்தார். ஓடும் பட்டைகளும் மிதிக்கும் சைக்கிள்களும் திருநெல்வேலிப் பக்கத்து ஜிம்களுக்குப் போயின. கடைசியில் ஒன்று மிஞ்சியது. பீரோவைவிடப் பெரிது, முன்னால் ஒரு திரை, இருபுறமும் ஆள் உயர ஒலிபெருக்கிகள், கீழே இரும்பு மேடை. மேடையில் முன், பின், இடம், வலம் என நான்கு அம்புகள் பொறித்த சதுரங்கள். பக்கத்தில் அதேபோல் இன்னும் நான்கு. எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. வாங்குவார் இல்லாததால் அது அப்பா கருப்பட்டி சேமித்து வைக்கும் கிட்டங்கிக்கு வந்து, சிப்பங்களுக்கு நடுவே நின்றது.

நம்மூர் மின்சாரம் அதற்கு ஆகாது. கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையிலிருந்து சித்தப்பா ஒரு மின்மாற்றி கொண்டுவந்து இணைத்தார். இயந்திரம் விழித்துக்கொண்டது. சதுரங்கள் நீலமும் இளஞ்சிவப்புமாக மின்னின. கண்ணுக்குத் தெரியாத ஒருவன் ஆங்கிலத்தில் எங்களை வரவேற்றுக் கத்தினான். சித்தப்பா ஒரு ரூபாயைப் போட்டார், துப்பிவிட்டது. ஐந்து ரூபாயையும் துப்பியது. பின்கதவைத் திறந்து பார்த்தபோது, காசு விழும் வழியில் மெல்லிய கம்பி ஒன்று தெரிந்தது. அதைச் சுண்டினால் காசு விழுந்ததாக இயந்திரம் நம்பும். பெரியவர்களின் கை அந்தச் சந்தில் நுழையவில்லை. என் கை நுழைந்தது. இப்படித்தான் எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது.

விளையாட்டு எளிது. திரையின் அடியிலிருந்து அம்புகள் மேலே ஏறும். உச்சியில் இருக்கும் நிழல் அம்பை அவை தொடும் கணத்தில் அதே திசைச் சதுரத்தை மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் அந்த ஆள் பாராட்டிக் கத்துவான். தவறினால் உயிர்க்கோடு குறையும்; கோடு தீர்ந்தால் பாட்டைப் பாதியில் அறுத்துவிட்டு, நீ தோற்றாய் என்று பறை அறைவான். நான் மிதித்தபோது அவன் அதிகம் அறைந்தான். அக்கா ஏறியபோது, முதல் பாட்டிலேயே பாராட்டத் தொடங்கியவன் நிறுத்தவில்லை.

அம்மா வந்து பார்த்தாள். "வயசுக்கு வந்த பிள்ள, தெருவே கேக்கும்படியா தங்கு தங்குன்னு ஆடுததுக்கா இங்கன வந்து கெடக்கா?" என்று கேட்டாள்.

வழக்கு அப்பாவிடம் போனது. அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடையில் முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவே, எடைக்கற்களுக்கு முத்திரை போட்ட சான்றிதழ் சட்டமிட்டுத் தொங்கும். காலையில் சாம்பிராணி மூன்றுக்கும் பொது. முத்திரை இருக்கும் தாளில் பொய் இருக்காது என்று அவர் உண்மையாகவே நம்பினார். சித்தப்பாவிடம் ஏலத் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, இருமுறை படித்தார்.

"ஏளா, உடற்பயிற்சிக் கருவின்னு அரசாங்கமே எழுதியிருக்கு. நீ யாரு டான்ஸுங்கதுக்கு?" என்று அம்மாவிடம் சொன்னார்.

அத்தோடு தீர்ந்தது. நிபந்தனைகள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் பி.டி. வகுப்புக்குப் போடும் உடுப்பு. துப்பட்டாவைக் குறுக்கே கட்ட வேண்டும். கருப்பட்டி இருக்கும் இடம் என்பதால் செருப்பு கூடாது. சுமை தூக்குகிறவர்கள் சாப்பிடப் போன பிறகு அரை மணி நேரம். அப்பா ஒருநாளும் பார்க்க வரவில்லை. மகள் உடற்பயிற்சி செய்வதைப் போய்ப் பார்ப்பது முறையல்ல என்பது அவர் எண்ணம்.

அக்கா அந்த அரை மணியோடு நிற்கவில்லை. வீட்டில் கோலப்பொடியால் நான்கு சதுரம் போட்டு, நான் "எடம், வலம், முன்ன, பின்ன" என்று கத்தக் கத்த, ரேடியோவில் என்ன ஓடினாலும் அதற்கு மிதித்தாள். செய்திகளுக்கும் மிதித்திருக்கிறாள். அம்மா அதை முடிக்கத் தெரியாமல் விட்ட கோலம் என்று எண்ணி தினமும் பெருக்கினாள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பவள் அக்கா. என்ன வேண்டும் என்று கேட்டால் "எதுன்னாலும் சரி" என்பவள். இயந்திரத்தின் மேல் மட்டும் அவள் எதுன்னாலும் சரி என்று மிதித்ததே இல்லை.

ஏலத்தில் எடுத்த சரக்குக்கும் வரி உண்டு. இந்த ஒரு இயந்திரத்தை மட்டும், அப்பாவின் ஜாமீன் பேரில், சுங்கத்துறையினர் தற்காலிக மதிப்பீட்டில் விட்டிருந்தார்கள். அதாவது, பின்னொரு நாள் அதிகாரி ஒருவர் நேரில் வந்து, இது பயிற்சியா கேளிக்கையா என்று பார்ப்பார். கேளிக்கை என்றால் கூடுதல் வரி. அதைக் கட்ட முடியாதென்று சித்தப்பா தலையில் அடித்துச் சொல்லிவிட்டார், இயந்திரம் போய்விடும். அதிகாரி வரும் நாள் தெரிந்ததும் சித்தப்பா ஆயத்தம் செய்தார். காசு போடும் வாயின் மேல் திருச்செந்தூர் முருகன் காலண்டரை ஒட்டினார். பாராட்டியும் பறை அறைந்தும் அவன் சாட்சி சொல்லிவிடுவான் என்று ஒலிபெருக்கிகளின் கம்பியைப் பிடுங்கினார். அதனால் பாட்டும் போயிற்று. கம்பி சுண்ட என்னை இயந்திரத்தின் வயிற்றுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவது என்று முடிவாயிற்று. பிறகு அக்காவுக்குப் பாடம்.

"சும்மா கால மாத்தி மாத்தி வையி, கேட்டியா? மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கோ. சிரிச்சிராத. சிரிச்சா கேளிக்கையாயிரும்."

"வேர்க்கலாமா சித்தப்பா?"

"வேர்க்கணும்ளா! வேர்வதான் நமக்கு அத்தாட்சி."

அக்கா தலையாட்டினாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஆடாமல் இருந்தால் இயந்திரம் தங்கும், ஆடினால் போய்விடும்.

அதிகாரி குடையோடு வந்தார். ஜாமீன் போட்டவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி, ஜாமீன் அப்பா. ஆக, மகளின் உடற்பயிற்சியை அவர் முதன்முறையாகப் பார்க்க நேர்ந்தது விதிப்படிதான். நான் உள்ளே, வெப்பத்திலும் தூசியிலும், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. சித்தப்பா இருமினார். அதுதான் அடையாளம். கம்பியைச் சுண்டினேன்.

முதலில் கேட்டது உண்மையிலேயே பயிற்சிதான். தொம், தொம், தொம். பள்ளி மைதானத்தில் கேட்கும் ஓசை. சித்தப்பா மெதுவாக விளக்கவுரை சொல்லிக்கொண்டிருந்தார்: "முட்டுக்கு நல்லது சார், சுகருக்கும் நல்லதாம்." பிறகு ஓர் இடத்தில், எங்கே என்று என்னால் இன்றும் சொல்ல முடியும், பாட்டின் இரண்டாம் சரணம் வந்திருக்க வேண்டிய இடத்தில், ஓசை மாறியது. குதிகால் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவே சின்ன நிறுத்தம், நிறுத்தத்துக்குள் இன்னும் இரண்டு தட்டு. பாட்டு இல்லை; ஆனால் எனக்குப் பாட்டு முழுதும் கேட்டது. கால்களே அதைப் பாடின. சித்தப்பாவின் விளக்கவுரை நின்றுவிட்டது. கடைசி மிதி விழுந்தது.

அதிகாரிதான் முதலில் பேசினார். "இது என்னம்மா?"

"உடம்புக்கு ரொம்ப..." என்றார் சித்தப்பா.

"நீங்க இருங்க. பாப்பா சொல்லட்டும். உடற்பயிற்சியா, விளையாட்டா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா, எழுதிக்கிடுதேன்."

"ரெண்டும் இல்ல சார்," என்றாள் அக்கா. "டான்ஸ்."

தரையைப் பார்த்துச் சொன்ன குரல் அல்ல அது. மரத்தடுப்பைத் தாண்டி எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் உள்ளேயே தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு சொல்தான் கேட்டார். அந்தச் சொல்லைச் சித்தப்பா ஊட்டியும் விட்டிருந்தார். இவள் எதற்குப் புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும்?

தொண்ணூற்றைந்தாம் அத்தியாயத்தில் நடனத்துக்குத் தலைப்பு இல்லை. அதிகாரி நேர்மையான மனிதர். இல்லாததை எழுத அவருக்கு மனம் வரவில்லை. மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுகிறேன், பதில் வரும்வரை இதை இயக்கக் கூடாது என்று சொல்லி, மின்கம்பியைச் சுருட்டிக் கட்டி, முடிச்சில் ஈய முத்திரை வைத்தார். சித்தப்பா அவரை வழியனுப்பப் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனார். அம்மா வந்து அக்காவை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். என்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

கிட்டங்கி அமைதியானது. அப்பாவின் தொண்டைச் செருமல் கேட்டது. பிறகு, இரும்பு மேடையில் ஒரே ஒரு மிதி. அக்காவுடையது அல்ல, கனமானது, எந்தத் தாளத்திலும் சேராதது. பிறகு இறங்கிப் போகும் ஓசை. நான் கதவைத் தட்டினேன். அவர் திரும்பி வந்து திறந்து, என்னை வெளியே எடுத்து, தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டார்.

நான் அக்காவிடம் சண்டை போட்டேன். "ஒனக்கு அறிவிருக்கா? பயிற்சின்னு சொன்னா என்ன கொறஞ்சிரும்?" அவள் கோலப்பொடி டப்பாவைத் தேடினாள். வீட்டில் சதுரங்கள் தொடர்ந்தன. அம்மா பெருக்குவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்கு நினைவில்லை. பிறகு அக்கா கல்லூரிக்குப் பாளையங்கோட்டை போனாள், அங்கிருந்து வேலைக்கு. இப்போது ஷார்ஜாவில் இருக்கிறாள். சென்ற முறை போனபோது, வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடிய நடன விளையாட்டின் முன் அவள் மகள் காற்றில் கையை வீசி ஆடிக்கொண்டிருந்தாள். காலுக்கு வேலையே இல்லாத ஆட்டம் என்று அக்கா குறை சொன்னாள். மாலில் எங்கோ மூலையில் எங்கள் பழைய இயந்திரத்தின் தங்கை ஒன்றைக் கண்டதும், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

கிட்டங்கியில் நின்றது உப்புக்காற்றில் துருப்பிடித்தது. அம்புகளின் வண்ணம் உரிந்தது. முத்திரையை மட்டும் யாரும் தொடவில்லை. அப்பா தொட விடமாட்டார்.

மேலிடத்தின் பதில் வந்தபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஊரில் இல்லை. கடையில் கூட்டம். உறையைப் பிரித்து, அப்பாவுக்காக உரக்கப் படித்தேன். மேற்படி இயந்திரம் உடற்பயிற்சிக் கருவி என்றே வகைப்படுத்தப்படுகிறது, கூடுதல் வரி இல்லை, ஜாமீன் விடுவிக்கப்படுகிறது. கீழே முத்திரை. வட்டமாக, அழுத்தமாக, ஒரு கோடுகூடக் கலையாமல். இந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு எந்த ஆணியில் மாட்டுவார் என்று நான் சுவரைப் பார்த்தேன்.

அப்பா தராசிலிருந்து கையை எடுத்தார். "தப்பால்லா போட்டிருக்கான்."

"நமக்குச் சாதகமாத்தானப்பா வந்திருக்கு."

"அவா டான்ஸுன்னுல்லா சொன்னா? இந்தா, நானும் அங்கனதான நின்னேன்." கடிதத்தை வாங்கிப் புரட்டி, பின்பக்கமும் பார்த்தார். "இதுக்கு அப்பீல் உண்டாளா?"

வெயிலில் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஜெயித்த வழக்குக்கு யாராவது மேல்முறையீடு செய்வார்களா? உத்தரவால் பாதிக்கப்பட்ட எவரும், குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது விதி. அதை நான் படித்தது பல ஆண்டுகள் கழித்து. அன்றைக்கு விதியும் தெரியாது. எங்கள் வீட்டில் பாதிக்கப்பட்டவர் யார் என்பதும் தெரியாது.

மேல்முறையீட்டுக் காலத்தை எண்ணத் தொடங்க வேண்டிய நாள், அதாவது அந்தப் பதில் வந்து சேர்ந்த நாள், ஆகஸ்ட் ஐந்து. மாதா கோயில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. அந்த விடுமுறை தபால் துறைக்குப் பொருந்தாது.