நீலத் துணிப்பையில் வந்த படங்கள்

"மழை நாளில் தாமதக் கட்டணம் கிடையாது. வீட்டுக்கே வந்து தருவோம்; நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம்."

பாளையங்கோட்டையில் இருந்த ஒரு வீடியோ கடையின் உறுப்பினர் அட்டையில் அச்சாகியிருக்கும் வரி இது. கீழே தேதி முத்திரை. மாதம் ஐப்பசியை ஒட்டி வருகிறது. ஆண்டின் கடைசி எண் மை பரவி, மூன்றா ஐந்தா என்று தெரியவில்லை. பல் பிடுங்கிய நாளைக்கூடக் குறித்துவைக்கிற எனக்கு இது பெரிய உறுத்தல்.

போன வாரம் மகள் சோபாவில் படுத்தபடியே தொலைக்காட்சியில் ஒரு படத்தைப் போட்டாள். போன மாதம்தான் தியேட்டருக்கு வந்த படம். முறையாகப் பணம் கட்டிப் பார்ப்பது. அந்தப் பணமும் இரண்டு காபிக்கு மேல் வராது. படம் ஓடிக்கொண்டிருக்க, எனக்குப் பாச்சை உருண்டை வாசனை வந்தது. எழுந்து போய்ப் பழைய பெட்டியைக் கிளறினேன். அட்டை, ஒரு நீலத் துணிப்பைக்குள் இருந்தது.

கடை தேவசகாயம் அண்ணாச்சியுடையது. நான் அப்போது அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர். வாடகை அறையில் கேசட் போட்டுப் பார்க்கிற வீடியோ டெக் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு பணக்காரன் மாதிரி நடந்துகொண்ட காலம். ஊரெல்லாம் கள்ள கேசட். தியேட்டரில் படம் வந்த மறுவாரமே எதிர்க்கடையில் வாடகைக்குக் கிடைக்கும். அண்ணாச்சியிடம் கம்பெனி உரிமையோடு விற்ற கேசட்டுகள் மட்டும்தான். அவை வர மாதக்கணக்காகும். சில படங்கள் வரவே வராது.

"என்ன அண்ணாச்சி, பொங்கலுக்கு வந்த படத்த இப்பத்தான் தாறீரு. எதுத்தாப்புல புதுப்படமே கெடக்கு" என்பார் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர்.

"அங்கன படமாவே இருக்கு? தியேட்டருக்குள்ள கேமராவ ஒளிச்சு வச்சு எடுத்தது; பாதியில எவனோ எந்திச்சுப் போறான், அவன் முதுகுதான் தெரியுது. முதுகு பாக்கதுக்கு எதுக்குவே வாடகை?"

சிரித்துவிட்டு, ஜவுளிக்கடைக்காரர் எதிர்க்கடைக்குத்தான் போவார். அதையும் அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒருநாள் டேப்பைச் சுற்றிவிட்டபடியே என்னிடம் சொன்னார்: "ஜனங்க என்ன களவாணிப் பயலுவளா? தியேட்டருக்குப் போகணும்னா பஸ் புடிக்கணும், பிள்ளையத் தூக்கணும், வரிசையில நிக்கணும். நல்ல கேசட்ட சல்லிசா வீட்டுக்கே கொண்டு குடுத்துப் பாரும். எவன்வே கள்ளத்த எடுப்பான்?" இதையே மெட்ராஸ் கம்பெனிகளுக்கும் எழுதினார். சீக்கிரம் விடுங்கள், விலையைக் குறையுங்கள், ஆட்கள் தானாக வருவார்கள் என்று. ஒருவரும் பதில் போடவில்லை.

ஆனாலும் சைக்கிளில் கேசட் வீடு வீடாகப் போனது. ஆற்றோரத் தெருக்கள், டீச்சர்கள் குடியிருந்த காம்பவுண்டுகள், சில நாள் மேலப்பாளையம் வரைக்கும். பலன் இருந்தது. எங்கள் அலுவலகத்திலேயே பாதிப்பேர் அவர் பக்கம் வந்துவிட்டார்கள்.

கம்பெனி கேசட்டுகள் பெரிய அட்டை உறையில் வரும். சைக்கிள் பெட்டியில் இடம் கொள்ளாது. ஐப்பசி மழையில் ஊறிக் கிழியும். அண்ணாச்சி உறைகளையெல்லாம் கழற்றி, பாச்சை உருண்டை போட்ட டிரங்குப் பெட்டியில் வீட்டில் பத்திரப்படுத்தினார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய நீலத் துணியில் ஒவ்வொரு கேசட்டுக்கும் பை தைத்துக் கொடுத்தார்கள். கேசட் மேல் ஒட்டியிருந்த கம்பெனி லேபிள் உரிந்து வாடிக்கையாளர்களின் டெக்குக்குள் சிக்குகிறது என்று அதையும் சுரண்டி எடுத்துவிட்டு, தம் குண்டுக் கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார். வேறு எந்தக் கடைக்காரனும் வாடிக்கையாளர் டெக்குக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டான்.

ஒரு மத்தியானம் போலீஸ் சோதனை வந்தது, கம்பெனி ஆட்களோடு. எதிர்க்கடை காலையிலிருந்தே ஷட்டர் இறக்கிக் கிடந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். திறந்திருந்த ஒரே கடையில், உறையில்லாத, லேபிளில்லாத, கையால் பெயர் எழுதிய கேசட்டுகள் வரிசையாக இருந்தன.

அண்ணாச்சி வீட்டுக்கு ஓடி டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்தார். நான் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போனவன், கூட்டத்தில் நின்றேன்.

"அட்டையும் இருக்கு, கேசட்டும் இருக்கு" என்றார் வந்த அதிகாரி. "இந்த அட்டை இந்தக் கேசட்டோடதுதான்னு என்னய்யா ருசு?"

"சார், மழையில நனையக்கூடாதுன்னு…"

"மழையா? நல்லாச் சொன்னீரு."

மறுநாள் பத்திரிகைப் படத்தில், பறிமுதலான கேசட்டுகளுக்குப் பின்னால் அண்ணாச்சி நின்றார். எதிர்க்கடை அதற்கு அடுத்த நாள் திறந்தது.

அவரை முறித்தது அந்தப் பத்திரிகைப் படம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதன்பிறகு கள்ள கேசட் கேட்டு வந்த கூட்டம். ஜவுளிக்கடைக்காரர் கவுண்டரில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "இதத்தானே அண்ணாச்சி நாங்க கேட்டுக்கிட்டே இருந்தோம், இல்லன்னுட்டீரே! எதையாவது ஒளிச்சு வச்சிருந்தா மெள்ள எடும். வெளிய மூச்சு விடமாட்டேன்" என்றார். ஏளனமே இல்லை, உண்மையான பிரியத்தோடு கேட்டார். அண்ணாச்சி காலியான அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் டிரங்குப் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். ஒருவரும் அதைத் திறக்கச் சொல்லவில்லை. கேசட்டுகள் ஸ்டேஷனின் பின்னறையில், சாக்கில். மழைக்காலம் முடிந்து ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, "வெள்ளப் பூஞ்சை ஏறிட்டுது வே. இனி குடுத்தாலும் ஓடாது" என்றார். அடுத்த மழைக்கு முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் ஜவுளிக்கடைக்காரர்தான் அதிகம் அழுதார்.

அண்ணாச்சி கேட்டதெல்லாம் இப்போது நடக்கிறது. சீக்கிரம் வருகிறது, சல்லிசாக, வீட்டுக்கே. எங்கள் தெருவில் கள்ளப்படம் பார்க்கிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒருவரும் திருந்தியதாகத் தெரியவில்லை, சிரமம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அந்தக் கடை இல்லை. எதிர்க்கடையும் இல்லை. அந்த நீலப் பைகளில் என்னிடம் தங்கிவிட்ட இந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

வழக்கு தள்ளுபடியானது; குற்றம் நிரூபணமாகவில்லை. இது மதினியிடம் கேட்டு உறுதி செய்தது. தீர்ப்பு எப்போது வந்தது என்பதில்தான் தெளிவில்லை. "அவுக காதால கேட்டுட்டுத்தான் போனாக" என்று மதினி ஒருமுறை சொன்னார்கள். அடுத்த முறை கேட்டபோது, "காயிதம் பின்னாலல்லா வந்துது" என்றார்கள். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. தீர்ப்பின் தேதி இதுவரை சரிபார்க்கப்படவில்லை.