சாரல் சாரமான கதை

பாட்டு ஏற்றிக் கொடுக்கிற கடை வைத்திருப்பவளுக்குப் பாட்டுக் கேட்க நேரம் இருக்காது. பாட்டைப் பற்றி அடுத்தவர்கள் சொல்லும் குறையைக் கேட்கத்தான் நேரம் சரியாக இருக்கும். துணிக்கடையோ மருந்துக்கடையோ இட்லிக்கடையோ, எங்கே உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். சரக்கைச் செய்தவன் எங்கோ இருப்பான். ஏச்சு வாங்குவது நாம்.

என் கடை குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற பாதையில், சிப்ஸ் கடைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் பாட்டு ஏற்றிக் கொடுப்பேன். செல்போன் நனையாமல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் கவரும் விற்பேன். மழை வந்தால் கம்ப்யூட்டர் நனையுமோ என்று கவலை. மழை வராவிட்டால் அருவிக்கு யார் வருவார்கள் என்று கவலை. குரங்கு கவலை தனி.

அப்படியே எழுதி அனுப்பு

அருவிக்கரையில் ‘வழுக்குப் பாறை, கவனம்’ என்று எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா? அதையே பெயராக வைத்துக்கொண்ட ஒரு ராக் குழு தென்காசியில் இருந்தது. வழுக்குப்பாறை. கிடாரும் டிரம்ஸுமாக நாலு பேர், காலேஜில் படிக்கும்போது ஆரம்பித்தார்கள். பாட்டு எழுதுவதும் பாடுவதும் குத்தாலிங்கம் அண்ணன். மூன்று கேசட் போட்டார்கள். சீசன் மேடைகளில் பாடினார்கள். அப்புறம் ஆளுக்கொரு வேலை என்று பிரிந்துபோனார்கள். லிங்கம் அண்ணன் பெங்களூருக்குப் போய்விட்டார். இப்போது நாலு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. போன சித்திரையில் திடீரென்று சேர்ந்து ஒரு புது ஆல்பம் போட்டார்கள்.

அது முதலில் என் கடைக்குத்தான் வந்தது. குழுவின் பழைய ரசிகர்கள் இன்றும் என்னிடம்தான் பாட்டு ஏற்றிக்கொள்கிறார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். கூடவே வாட்ஸாப்பில் குரலும் அனுப்பியிருந்தார். ஒரு நோட்டு வாங்கிவைத்து, அன்று முதல் கடையில் யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் விடாமல் எழுத ஆரம்பித்தேன். அண்ணன் அனுப்பிய குரல் இது:

“பேச்சி, வரியப் பத்தி நம்ம ஆளுக என்ன சொல்லுதாங்கன்னு அப்படியே எழுதி அனுப்பு, பூசி மெழுகாத. வரி பிடிக்கலன்னா சீசனுக்கு வந்து பாடுத பேச்சே கெடையாது. பொறவு, எட்டாவது பாட்டுல அந்தப் பழைய தப்பத் திருத்திட்டோம், பாரு.”

பழைய தப்பு

அந்தத் தப்பைச் செய்தது நான்தான்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, தென்காசியில் சித்தப்பாவின் கேசட் ரெக்கார்டிங் கடையில் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் கேசட் அட்டையில் பாட்டு வரிசை எழுதுவது என் வேலை. வழுக்குப்பாறையின் முதல் கேசட்டுக்கு உள்ளே வைக்கப் பாட்டு வரிகள் எழுதிய தாள் வேண்டும் என்றார்கள். அண்ணன் எழுதி வைத்திருந்த காகிதம் மழையில் கரைந்துவிட்டது. ‘டேப்பைப் போட்டுக் கேட்டு எழுது’ என்று சித்தப்பா சொல்லிவிட்டார். ஒரு பாட்டில், ‘நீ போனா போ, உன் சாரல் போதும் எனக்கு’ என்று ஒரு வரி. சீசன் முடிந்து மேகம் போவதைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘சாரல்’ என்ற சொல் முடிகிற இடத்தில் டிரம்ஸ் ‘டம்’ என்று விழும். கடைசி எழுத்து கேட்காது. நான் ‘உன் சாரம் போதும் எனக்கு’ என்று எழுதிவிட்டேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் சாரம் என்றால் ஆண்கள் கட்டுகிற கைலி.

எனக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை. அப்பா சவுதிக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் கட்டிப் போட்ட கட்டம் போட்ட சாரத்தை அம்மா கொடியிலிருந்து எடுக்கவே விடமாட்டாள். வாரம் ஒரு தடவை துவைத்து, திரும்ப அதே கொடியில் போடுவாள். யாரையோ ‘போனால் போ’ என்கிறவளுக்குப் போதுமாக இருப்பது வேறு என்னவாக இருக்க முடியும்?

தாள் அச்சாகி, கேசட் விற்று, ஊரே ‘சாரம்’ என்று பாட ஆரம்பித்த பிறகுதான் அண்ணன் கவனித்தார். நேரே எங்கள் கடைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். தாளை எழுதியது நான் என்று சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு அண்ணன் சொன்னார்:

“அந்த பிரஸ்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், அவனுக்கு இருக்கு!”

எலுமிச்சை வேன்

சரி, புது ஆல்பத்துக்கு வருவோம். முதலில் கேட்டவர் வாசுதேவநல்லூரிலிருந்து எலுமிச்சை ஏற்றிவருகிற வேன் டிரைவர். வேனின் பின்கண்ணாடியில் இன்னமும் ‘வழுக்குப்பாறை’ என்று ஒட்டியிருப்பார். ஏற்றிக் கொடுத்த அன்றைக்கே திரும்பி வந்துவிட்டார். ‘தனிமையின் விளிம்பில் நானொரு வினாக்குறி’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை என்னிடம் இரண்டு தடவை சொல்லிக்காட்டி, அர்த்தம் கேட்டார். எனக்கென்ன தெரியும்? ‘அவருக்குத் தனியா இருக்க ஒரு மாதிரியா இருக்கு போல’ என்றேன்.

“அப்ப அதச் சொல்ல வேண்டியதுதானக்கா! முன்ன பாடும்போது பசியில பாடுனான், இப்ப சாப்ட்டுட்டு ஏப்பம் விடுதான்.”

எழுதும்போது ‘ஏப்பம்’ என்ற சொல்லை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பூசி மெழுகாதே என்று சொல்லியிருக்கிறாரே. எழுதினேன்.

முட்டு வலி

தென்காசியில் ஒரு பல் டாக்டர். காலேஜில் குழுவுக்கு விசில் அடித்தே பேர் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, விற்பனைக்கு வைத்திருந்த புது ஹெட்போனைப் பிரித்து மாட்டிக்கொண்டு, பத்துப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் வந்த இரண்டு பேரைச் சத்தம் போடாதீர்கள் என்று விரட்டியும் விட்டார். பல் டாக்டரிடம் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

பத்தில் நாலு பாட்டு பைக் ஓட்டுவதைப் பற்றி. மலைப்பாதை, வேகம், காற்று, இருபது வயசு. கடைசிப் பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, எழுந்திருக்க முடியாமல் என் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. பிரிந்துபோன கூட்டாளி எழுதிய கடிதத்தில் தன் பேர் இல்லாவிட்டால் ஒரு முகம் வருமே, அது.

“அவனுக்கும் முட்டு வலி, எனக்கும் முட்டு வலி, பாட்டுல மட்டும் யாருக்காக பைக்க ஓட்டுதான்? முட்டு வலின்னு ஒரு வரி வந்திருந்தா இங்கன உக்காந்து அழுதிருப்பேன் பேச்சி.”

ஒரே ஒரு பாராட்டு

அச்சன்புதூரிலிருந்து காலேஜுக்குப் போகிற பிள்ளை ஒருத்தி சார்ஜர் வாங்க வந்தாள். கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். எனக்கு உயிர் வந்தது. இவளாவது நல்ல வார்த்தை சொன்னால் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி, அடியில் கோடு போடலாம் என்று, ‘வரி எப்படிம்மா?’ என்று கேட்டேன்.

“சூப்பரா இருக்கு ஆன்ட்டி, ஏஐயில போட்டு எழுதுனாங்களா?”

கொடியில் கிடப்பது

ராயகிரிப் பக்கம் ஒரு பெண், என் வயசு இருக்கும். வீட்டுக்காரர் துபாயில். மாதம் ஒரு தடவை தென்காசிக்கு வந்தால் குற்றாலத்துக்கும் வந்து ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, அவளுக்கும் அவள் மாமியாருக்கும் பாட்டு ஏற்றிப் போவாள். எட்டாவது பாட்டைப் போட்டுக் காட்டினேன். அதே பழைய பாட்டு, புதிதாகப் பாடியிருந்தார்கள். இந்தத் தடவை டிரம்ஸ் தள்ளி விழுந்தது. ‘சாரல்’ என்று ‘ல்’ வரைக்கும் பளிச்சென்று கேட்டது.

அவள் முதலில் சிரித்தாள். ‘என்னக்கா, மாத்திப் பாடுதாரு?’ என்றாள். இதுதான் சரி, அதுதான் தப்பு, அப்போது அச்சில் பிசகிவிட்டது என்றேன். பிசகியது யாரென்று சொல்லவில்லை. திரும்பப் போடச் சொன்னாள். இந்த முறை சிரிக்கவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, ‘அவரு விமானம் ஏறுன அன்னைக்குக் கழட்டிப் போட்டது இன்னும் கெடக்கு, நான் தொவைக்கக்கூட இல்ல’ என்று மெதுவாகச் சொன்னாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் வீட்டுக்காரரும் மஸ்கட்டில்தான் இருக்கிறார். என் வீட்டுக் கொடியிலும் ஒன்று கிடக்கிறது. நான் துவைக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். போகும்போது அவள் புதுப் பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“சாரல் ஊருக்கே அடிக்கும்க்கா. சாரம் என் வீட்டுக் கொடியிலல்லா கெடக்கு.”

இரண்டு நீலக் கோடு

எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு நாலு நாள் அனுப்பவில்லை. அனுப்பினால் அண்ணன் வரமாட்டார். அனுப்பாவிட்டால் ஏமாற்றின மாதிரி. இதற்கு நடுவே எனக்கென்று ஒரு ஆசை வேறு. அந்தப் பாட்டை நான் ஒரு தடவைகூட மேடையில் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் வயசுப்பிள்ளையை அந்தக் கூட்டத்துக்கு அனுப்பமாட்டார்கள். மறுநாள் கடைக்கு வருகிறவர்கள்தான் ‘நேத்து சாரம் பாட்டுக்கு என்னா விசில்!’ என்பார்கள். நான் எழுதிய ஒரு சொல்லை ஊரே கத்தினது. எழுதினவள் காதில் மட்டும் விழவில்லை.

ஐந்தாம் நாள் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன். ஏப்பம், முட்டு வலி, ஏஐ, எல்லாம். கடைசிப் பக்கத்தில், ‘அண்ணே, அந்தத் தப்பு பிரஸ்காரர் செய்யவில்லை, நான்தான் எழுதினேன். டீ வாங்கிக் கொடுத்து மறைத்துவிட்டேன். ஆனால் ஆட்கள் அதைத்தான் கேட்கிறார்கள்’ என்று எழுதியிருந்தேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பார்த்துவிட்டார். பதில் இல்லை. ஒரு வாரம் இல்லை. இரண்டு வாரம் இல்லை. பக்கத்துச் சிப்ஸ் கடை அண்ணாச்சியிடம் சொல்லி அழாத குறை. நேந்திரங்காய் சீவுகிற கையை நிறுத்தாமலே அண்ணாச்சி கேட்டார்:

“ஏட்டி, முப்பது வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தவ, இந்த ஒரு சீசன் இருந்திருந்தா என்ன?”

மேடைக்கு இரண்டு தெரு

சீசன் பிறந்தது. அருவியில் தண்ணீர் கொட்டியது. ஒரு நாள் பார்த்தால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் வழுக்குப்பாறை போஸ்டர். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மேல் கோபமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போவதென்று புதுச் சேலை கட்டிக்கொண்டுதான் வந்தேன். மேடை இரண்டு தெரு தள்ளித்தான். ஐந்தே முக்காலுக்கு ஷட்டரில் கை வைத்தேன். வேனில் வந்த ஒரு குடும்பம் மொத்தமாக இறங்கி, ‘எல்லாருக்கும் செல் கவர் குடுங்கம்மா’ என்றது. கடை வைத்திருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள், வாசலில் நிற்கிற ஆளைப் போ என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

ஒவ்வொரு கவராக ஊதித் திறந்து, ஒவ்வொரு போனாகப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிடார் கேட்டது. அந்தப் பாட்டுத்தான். கை தானாக நின்றுவிட்டது. ‘நீ போனா போ, உன்...’ என்றதும் டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். மறு நிமிஷம் இரண்டு தெருவையும் தாண்டி, அருவிச் சத்தத்தையும் தாண்டி வந்தது, ‘சாரம்!’ என்று. ஆண் குரல், பெண் குரல் எல்லாம் சேர்ந்து. அதற்குப் பிறகுதான் டிரம்ஸ் விழுந்தது. ‘என்னம்மா, கவர் சரியில்லையா?’ என்று வேன்காரர்கள் கேட்டார்கள். இல்லை, சாரல் அடிக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குழு அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டது. அண்ணன் கடைப்பக்கம் வரவில்லை. ஆனால் பாட்டு முடிந்த கையோடு, உடம்பெல்லாம் எண்ணெயும் தலையில் துண்டுமாக ஒருவர் கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மத்தியானம் என்னிடம் வாங்கிப் போனவர்தான்.

“யக்கா, அங்கன பாடுதவரு, ‘தப்பா எழுதுனது நான், திருத்துனது எட்டாங்கிளாஸ் படிச்ச ஒரு புள்ள’ன்னு மைக்குல சொல்லுதாரு, ஒரே விசிலு. அது கெடக்கட்டும், இந்தக் கவர்ல தண்ணி ஏறிட்டு, மாத்திக் குடுங்க.”

ஊரே சேர்ந்து பாடுகிற மாதிரி ஒரு தப்பு ஒருத்திக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான் அமையும். மற்ற எல்லாத் தப்பையும் மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.